அமாவாசைக்கு வந்த பெட்டி

வடிவாம்பாளுக்குக் காது கூர்மை. தறியில் புருஷனுக்கு வலப்பக்கம் உட்கார்ந்து பதினெட்டு வருஷம் கரை நாடா தள்ளியவளுக்கு அது இல்லாமல் போனால்தான் ஆச்சரியம். கோர்வைப் புடவை ஒற்றை ஆளால் ஆகிற காரியமில்லை. உடம்பு ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டுக்கும் குறுக்கிழை ஓட்டத் தனித்தனி நாடா. புருஷன் துரைக்கண்ணு தறிக் குழியில் கால்விட்டு மிதியை அழுத்தி நாடாவை வீசுவார். அவள் தன் பக்கத்து நாடாவைத் தள்ளி, இரண்டு நிறத்து இழையும் ஒன்றையொன்று கோத்துக்கொள்ள விடுவாள். அப்புறம் அவர் பலகையை இழுத்து இழை மேல் அடிப்பார். சின்ன காஞ்சிபுரத்தில் அவர்கள் தெருவில் நாற்பது தறி. நாற்பதும் ஒன்றாகத் தட்டினாலும், தன் வீட்டுத் தட்டல் எது என்று தெருமுனைக் குழாயடியில் நின்றே சொல்லிவிடுவாள். சமயத்தில் "இந்த மனுஷன் பீடி பிடிக்கப் போயிட்டாரு, சத்தம் நின்னுபோச்சி" என்று குடத்தைப் பாதியில் தூக்கிக்கொண்டு ஓடியும் வருவாள்.

தை மாதம் ஒரு நாள் அந்தப் பலகை தப்பி விழுந்ததும் முதலில் அவள் காதுக்குத்தான் தெரிந்தது. அடி அடியாக இல்லை. துணி தட்டிப் போட்டதுபோல் மெத்தென்று விழுந்தது.

"இன்னாங்க, அடி தளந்து வுழுது?"

நிமிர்ந்து பார்த்தாள். துரைக்கண்ணு பலகையைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். கண் திறந்திருந்தது, ஆனால் அந்தக் கண்ணுக்குப் பின்னால் ஆள் இல்லை. நாலு மூச்சு விடும் நேரம் போயிருக்கும். பிறகு திரும்பி வந்தார், பக்கத்து ஊருக்குப் போய்விட்டு வந்தவர்போல.

"ஒண்ணுமில்ல. நீ தள்ளு."

"மொகமெல்லாம் வேர்த்திருக்குது."

"தறியில குந்தினா வேர்க்காம பனி பெய்யுமா? தள்ளுடீன்னா."

அவள் தள்ளினாள். ஆனால் பட்டு பொய் சொல்லாது. அந்த இடத்தில் விரல் அகலத்துக்கு நெசவு தளர்ந்து, வெளிச்சத்தில் பிடித்தால் கோடு தெரிந்தது. சத்தமில்லாமல் அவ்வளவையும் பிரித்துவிட்டு மறுபடி நெய்தார்கள். பத்து நாளில் இன்னொரு கோடு. மாசி பிறப்பதற்குள் நாலு கோடு. நாலாவது முறை பலகையிலிருந்து கை நழுவி அப்படியே தறியில் நீளவாக்கில் கட்டிய பாவின் மேல் கவிழ்ந்துவிட்டார். நெற்றியில் இழை பதிந்த தடம் சாயங்காலம் வரை இருந்தது.

பக்கத்து வீட்டுக் கலியன்தான் அதட்டினான். அவனும் தறிக்காரன், வாய்த்துடுக்குக்காரன், ஆனால் தெருவில் யாருக்கு என்ன என்றாலும் முதலில் சட்டையை மாட்டுகிறவன். "அண்ணி, நீங்க மொளகு ரசம் வெச்சுக் குடுத்துக்கினே இருங்க. அண்ணன் ஒரு நாளு பாவுலயே படுத்துக்கப்போறாரு. ஊர் டாக்டர்கிட்ட லெட்டர் வாங்கினு பட்டணத்துக்கு இட்டுக்கினு போங்க."

பட்டணத்தில் இருதயத்துக்கென்றே ஒரு பெரிய ஆஸ்பத்திரி. ஸ்ரீபெரும்புதூர் வழியாக முதல் பஸ்ஸில் போய், சீட்டு வாங்கி, உச்சி வெயிலில்தான் உள்ளே விட்டார்கள். நெஞ்சின் சத்தத்தை வாங்கிக் காகிதத்தில் கோடாக எழுதும் கருவி ஒன்றை வைத்தார்கள். கை காலில் பட்டை கட்டி இன்னொரு காகிதம் எடுத்தார்கள். இரண்டையும் பார்த்த பெரிய டாக்டர் உதட்டைப் பிதுக்கினார்.

"எப்பப்ப வருது?"

"அது சும்மா... எப்பவாச்சும் வருங்க" என்றார் துரைக்கண்ணு.

வடிவாம்பாளுக்குத் தெரியும் எப்போது வருகிறது என்று. கோர்வை நெருக்கமாக விழுகிற இடத்தில், அடி ஓங்குகிறபோது வருகிறது. ஆனால் அந்த வெள்ளைச் சட்டைக்கு முன்னால் அவளுக்கு நாக்கு எழவில்லை. தறியைப் பற்றி இவர்களிடம் என்னவென்று சொல்வது, அதெல்லாமா கேட்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். தெருவையே வாயால் அளக்கிறவள் அங்கே ஊமையாகிப் போனாள்.

"இங்க படுத்திருக்கும்போது நல்லாத்தான் இருக்குது. வர்ற நேரத்துல பிடிச்சாத்தான் தெரியும். ஒரு பெட்டி இருக்குது. ஒரு நாள் முழுக்க உடம்புலயே மாட்டிக்கிட்டு இருக்கணும். வீட்டுக்குப் போய் வழக்கமா என்ன செய்வியோ அதெல்லாம் செய். மறுநாள் கொண்டுவந்து குடு" என்றார் டாக்டர்.

பெட்டி அந்த ஆஸ்பத்திரிக்கே ஒன்றுதான். அதைப் பார்த்துக்கொள்கிறவன் தாவீது என்று ஓர் இளைஞன். சட்டைப் பையில் மூன்று கலரில் பேனா வைத்திருந்தான். நோட்டைப் பிரித்துக் கேட்டான்: "திங்கள், புதன், வெள்ளி மூணு நாளும் காலியா இருக்குதும்மா. எது சௌகரியம்?"

துரைக்கண்ணு மனைவியைப் பார்த்தார். வீட்டில் நாள் நட்சத்திரம் எல்லாம் அவள் பொறுப்பு. அவள் விரல் விட்டு எண்ணினாள். புதன்கிழமை அமாவாசை. காஞ்சிபுரத்தில் அமாவாசையன்று எந்தத் தறியும் பேசாது. மாதத்தில் அந்த ஒரு நாள் நெசவாளி காலைக் குழியிலிருந்து எடுத்து வெயிலில் நீட்டுகிற நாள். வேலை நாள் ஒன்று வீணாகாமல் இருக்கிறதே என்று அவளுக்கு மனசு நிறைந்தது. ஒரு பெண் வீட்டுக்காரர்கள் சொல்லிவைத்த கல்யாணப் புடவை பாதியில் நிற்கிறது. பங்குனிக்குள் தறியிலிருந்து இறக்கிவிட வேண்டும்.

"புதன்கெழமையே போட்டுக்கப்பா. அன்னிக்கு எங்களுக்கு லீவுதான்" என்றாள்.

தாவீது பச்சைப் பேனாவால் எழுதிக்கொண்டான்.

அமாவாசையன்று காலையில் பத்து மணிக்கெல்லாம் மாட்டிவிட்டார்கள். மார்பு முடியைச் சிரைத்து, ஐந்து இடத்தில் வில்லை ஒட்டி, வில்லைகளிலிருந்து ஒயர் இழுத்து, எல்லாம் ஒரு கறுப்புப் பெட்டிக்குள் போயின. தோல்வாரில் தோளில் தொங்கிய அது ஒரு படி அரிசி கனம் இருக்கும். உள்ளே டேப்பு மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்குமாம். குளிக்கக் கூடாது, ஒயரைக் கழற்றக் கூடாது. மணிவாரியாக என்ன செய்தார் என்று ஒரு தாளில் எழுதிவர வேண்டும். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ரேடியோ என்று நினைத்து, "நியூஸ் போடுங்களேன்" என்றார். துரைக்கண்ணுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரொம்ப நாள் கழித்து அவர் சிரித்ததை வடிவாம்பாள் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்தால் தெருவே கூடிவிட்டது. அமாவாசை வேறு, யாருக்கும் வேலை இல்லை. துரைக்கண்ணுவைக் கூடத்தில் பாய் போட்டு உட்காரவைத்து, சட்டையைத் திறந்து காட்டச் சொல்லிப் பார்த்தார்கள்.

"அண்ணனுக்கு மறுகல்யாணம் போல கீது. மாலைக்குப் பதிலா ஒயரு" என்றான் கலியன்.

எதிர்வீட்டுக் கங்கையம்மாள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். "ஏன் வடிவு, டேப்பு ஓடுதுன்றே. நாம பேசறதெல்லாம் அதுல ஏறிடுமா? டாக்டர் கேப்பாரா?"

"நெஞ்சு சேதிதான் ஏறுமாம் அக்கா."

"யாரு கண்டது? நான் நேத்து என் மருமவளைத் திட்டினது மாதிரி இன்னிக்குத் திட்டியிருந்தா பட்டணம் பூரா கேட்டிருக்கும்." குரலைத் தாழ்த்திக்கொண்டு போய்விட்டாள்.

சொன்னால் சிரிப்புத்தான். ஆனால் அன்று அந்த வீட்டில் யாரும் குரலை உயர்த்தவில்லை. பெட்டிக்கு முன்னால் சண்டை போட வடிவாம்பாளுக்குக் கூச்சமாக இருந்தது. வாழைக்காய் பொரியலும் பருப்புப் பாயசமும் வைத்தாள். பெட்டி விருந்தாளியா, புருஷன் விருந்தாளியா என்று அவளுக்கே தெரியவில்லை. பாயசத்தை இரண்டாவது முறை வாங்கிக் குடித்துவிட்டு அவர் தறிப்பக்கம் பார்த்தார்.

"ஒரு நாலு எழை போட்டுப் பாக்கட்டுமா வடிவு? வழக்கமா செய்யறதச் செய்யின்னாரே டாக்டரு."

"நல்லா இருக்குது போங்க. அமாவாசையில தறியில கால வெச்சா வெளங்குமா? ஒயரு பாவுல மாட்டிக்கினா பெட்டிக்கு யாரு பதில் சொல்றது? வழக்கமா அமாவாசைக்கு இன்னா செய்வீங்க? படுத்துத் தூங்குவீங்க. தூங்குங்க."

அதுவும் சரிதானே. டாக்டர் சொன்னதை அவர்கள் எழுத்துப் பிசகாமல் செய்தார்கள். மகள் ரேணுகாம்பாள் எட்டாவது வரை படித்தவள். பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டு மணிவாரியாக எழுதினாள். 'இரண்டு மணி: சாப்பிட்டார். மூன்று மணி: படுத்திருக்கிறார். ஐந்து மணி: காபி. ஆறு மணி: பெருமாள் கோயில் வாசல் வரை நடந்தார். ஏழு மணி: ரேடியோ கேட்டார்.' கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. வடிவாம்பாள் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். ராஜா வீட்டு நாள் போல இருந்தது. அவருக்கு மாதம் முழுக்க இப்படி ஒரு தாள் எழுத முடிந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று நினைத்தாள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். தாவீது டேப்பை எடுத்து பெரிய மெஷின் ஒன்றில் மாட்டினான். நல்ல பிள்ளை, அவள் கதவோரம் நிற்பதைப் பார்த்துவிட்டு உள்ளே கூப்பிட்டான்.

"கேக்கறீங்களா? இது உங்க வீட்டுக்காரர் நெஞ்சும்மா. ஒரு நாள் முழுக்கத் துடிச்சதை இது இருபத்திநாலு நிமிஷத்துல ஓட்டிடும். அத்தனை வேகத்துல ஓட்டினா லப்டப்னு கேக்காது. ஒரே ரீங்காரமா இருக்கும். கோளாறு இருந்தா ரீங்காரம் உடையும். காது பழகினவங்களுக்கு உடனே தெரிஞ்சிடும்."

அவள் கேட்டாள். ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றும்போது ராட்டை ஒரே சீராகப் பாடுமே, அது மாதிரி இருந்தது. கொஞ்சம் ஏறியது, கொஞ்சம் இறங்கியது. "இதோ, இங்க நடந்திருக்காரு" என்றான் தாவீது. கோயில் வாசல் வரை போனது அது. மற்றபடி எங்கும் அறவில்லை. இருபத்திநாலு நிமிஷமும் நின்றுகொண்டே கேட்டாள். பெற்ற வயிறு குழந்தை அழுகையைக் கேட்டு நிம்மதியாவதுபோல அவளுக்கு இருந்தது. கூட வாழ்ந்து இருபது வருஷமாகியும் இந்தச் சத்தத்தை இன்றைக்குத்தானே கேட்கிறோம் என்று கண் கலங்கிவிட்டது.

"எங்கயும் அறவேயில்லையேப்பா?"

"இல்லம்மா. நல்லாத்தான் ஓடியிருக்குது."

பெரிய டாக்டரும் பார்த்துவிட்டு அதையேதான் சொன்னார். சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். வழியில் வாலாஜாபாத்தில் பஸ் நின்றபோது, துரைக்கண்ணு இறங்கிப்போய் அவளுக்கு ஒரு முழம் மல்லிகை வாங்கிவந்தார். வாங்கித் தருகிற பழக்கமே இல்லாத மனுஷன்.

அந்த இரண்டு வாரம் வீடு லேசாக இருந்தது. நடுவில் ஒரு தரம் அடி தளர்ந்தது. வடிவாம்பாள் கேட்டும் கேட்காததுபோல இருந்துவிட்டாள். மெஷினை விடவா தன் காது? வெயில் ஏறுகிறது, பித்தமாக இருக்கும் என்று மோரில் சீரகம் போட்டுக் கொடுத்தாள். கோடு விழுந்த இடத்தைப் பிரித்து நெய்தார்கள். தன் காதை நம்பாமல் போன அந்த ஒரு நாளை அவள் பின்னால் ஆயிரம் தடவை நினைத்துக்கொண்டாள்.

பங்குனி உத்திரத்துக்கு முந்தின நாள் காலை. பெரிய காஞ்சிபுரத்தில் உற்சவம். தூரத்திலிருந்து மேளச் சத்தம் காற்றில் வந்து வந்து போயிற்று. பாவில் இன்னும் முந்தி மட்டும்தான் பாக்கி. பழையது சாப்பிட்டுவிட்டு எழுந்த துரைக்கண்ணு தறிக்குப் போகாமல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இன்னிக்கு வேணாமே வடிவு. ஒரு மாதிரி இருக்குது."

"ஒரு மாதிரின்னா?"

"தெரியல. நெஞ்சுல யாரோ நாடாவைத் தப்பா வுட்டாப்போல இருக்குது."

"பட்டணத்து மெஷினே ஒண்ணுமில்லன்னு சொல்லிடுச்சி. உங்களுக்குத்தான் அமாவாசை பாயசம் ருசி கண்டுபோச்சி. முந்தியை இறக்கிட்டு நாளைக்கு உத்திரத்துக்குப் போலாம், வாங்க."

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவரும் சிரித்துக்கொண்டுதான் குழியில் இறங்கினார். ஒரு முழத்துக்கு மேல் நெய்திருப்பார்கள். முந்தியில் ஜரிகை நெருக்கம். ஒவ்வொரு இழைக்கும் இரட்டை அடி. அவள் தன் நாடாவைத் தள்ளிவிட்டு அடிக்காகக் காத்திருந்தாள். பலகை பாதி தூரம் வந்து மெத்தென்று நின்றது.

நாலு மூச்சு. அவளுக்குப் பழக்கம்தான், எண்ணினாள். ஐந்து. ஆறு. ஏழில் அவர் தோள் அவள் தோளின் மேல் சாய்ந்தது. அந்தக் கனத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. "ரேணு" என்று கூப்பிட்டாள். மறுபடி கூப்பிட்டாள். கலியன் தறியை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தான். அவரைக் குழியிலிருந்து தூக்குவதற்கு மூன்று பேர் வேண்டியிருந்தது. அதற்குள் தெருவில் ஒவ்வொரு தறியாகச் சத்தம் நின்றது. அன்று அமாவாசை இல்லை.

பதினாறு நாள் தறியை யாரும் தொடவில்லை. பதினேழாம் நாள் கலியன் வந்து தயங்கி நின்றான்.

"அண்ணி, சொல்லக் கூடாதுதான். சித்திரையில முகூர்த்தம். பொண்ணு வூட்டுக்காரங்க ரெண்டு தபா ஆள் அனுப்பிட்டாங்க. மிச்ச முந்தியை நான் குந்தி முடிக்கறேன். நீங்க வர வேணாம், வேற யாரையாச்சும் கரைக்கு வெச்சுக்கறேன்."

"வேற கை பட்டா கரை வேற மாதிரி தெரியும். நானே வரேன்" என்றாள் வடிவாம்பாள்.

தறியில் உட்கார்ந்ததும் அவள் முதலில் பார்த்தது அந்தக் கோட்டைத்தான். இரண்டு விரல் அகலம். அவர் உடம்பு கஷ்டப்பட ஆரம்பித்த இழையிலிருந்து, கடைசியாகப் பலகை வந்து நின்ற இழை வரை. விரலால் தடவினால் எந்த இழையில் என்ன நடந்தது என்று அவளால் சொல்ல முடியும். இத்தனைக்குப் பிறகு அவர் இந்த உலகத்தில் எழுதிவைத்துவிட்டுப் போனது அவ்வளவுதான்.

கலியனும் பார்த்தான். தலையைக் குனிந்துகொண்டான்.

கல்யாணப் பெண் கட்டுகிற புடவை. மணவறையில் தாலி ஏறுகிறபோது தோளில் இருக்கும் முந்தி. அதில் ஒரு ஆம்பிளையின் கடைசி மூச்சு இருக்கலாமா? வடிவாம்பாள் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு ஊசியை எடுத்து ஒவ்வொரு இழையாகப் பிரிக்க ஆரம்பித்தாள். கலியன் உதவிக்கு நீட்டிய கையை விலக்கிவிட்டாள். பிரித்த இழைகளைச் சின்ன உருண்டையாகச் சுற்றினாள். அதையும் வைத்துக்கொள்ள மனசு ஒப்பவில்லை. வீட்டில் கல்யாண வயசுப் பெண் இருக்கிறாள். சாயங்காலம் பெருமாள் கோயில் அனந்தசரஸ் குளத்தில் போட்டுவிட்டு வந்தாள். நாலு நாளில் புடவை இறங்கிற்று. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். ஒரு கோடு இல்லை.

மறுநாள் தபாலில் ஒரு கார்டு வந்தது. ரேணுகாம்பாள் வாசித்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து. 'கருவி பொருத்திய நாளில் நோயாளி தம் வழக்கமான வேலையைச் செய்யவில்லை என்று குறிப்புத் தாளிலிருந்து தெரிகிறது. அவர் வேலை செய்யும் நாள் ஒன்றில் மறுபடி கருவி பொருத்த வேண்டியுள்ளது. வருகிற வெள்ளிக்கிழமை காலை நோயாளியுடன் வரவும்.'

"இன்னொரு வாட்டி படி."

ரேணு படித்தாள். முடித்துவிட்டுக் கார்டைக் கீழே வைத்தாள். "அம்மா, நான் எழுதினதுல தப்பாம்மா?"

"நீ சரியாத்தான் எழுதினே. நாளைச் சொன்னது என் வாயி."

வெள்ளிக்கிழமை விடியலில் அவள் கிளம்பியபோது கலியன் குறுக்கே நின்றான். "அண்ணன் இல்லாம அங்க போய் இன்னா பண்ணப்போறீங்க? ஒரு லெட்டர் போட்டாப் போதும்."

"வரச்சொல்லி எழுதியிருக்குது, போய்ச் சொல்லிட்டு வரேன். அப்பால அவரோட டேப்பு அங்க இருக்குது கலியா. புடவையில இருந்ததைத்தான் என் கையாலயே பிரிச்சிட்டேன். அது ஒண்ணாச்சும் இருக்கட்டும். இன்னொரு வாட்டி போடச் சொல்லிக் கேட்டுட்டு வரேன்."

கலியன் வழிவிட்டான்.

தாவீதுக்கு அவளை அடையாளம் தெரிந்தது. "வாங்கம்மா, அவரு எங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்தவன், அவள் நெற்றியைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டான். அவள் கார்டை நீட்டினாள். அவன் வாங்கவில்லை.

"எப்பம்மா?"

"பங்குனி உத்திரத்துக்கு மொத நாளு. தறியில."

அவன் பெஞ்சில் உட்கார்ந்தான். அவளையும் உட்காரச் சொன்னான்.

"தம்பி, ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. அன்னிக்கு நான் அமாவாசை நாளைச் சொல்லாம வேற நாள் சொல்லியிருந்தா, அவரு தறியில குந்தியிருப்பாரு. அதுல தெரிஞ்சிருக்குமா?"

தாவீது கையிலிருந்த பேனாவை மூடினான், திறந்தான். "லீவுன்னு நீங்க சொன்னீங்க, லீவுன்னா தறி போட மாட்டீங்கன்னு எனக்குத் தோணலைம்மா. கேட்டிருக்கணும். கேக்கலை."

"தெரிஞ்சிருக்குமா?"

"...தெரிஞ்சிருக்கலாம்மா."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். இந்தப் பதிலைக் கேட்கத்தான் இவ்வளவு தூரம் வந்தோம் என்று அப்போதுதான் அவளுக்கே புரிந்தது. அழுகை வரவில்லை. கார்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"சரி. அந்த டேப்பைக் கொஞ்சம் போடேன். இருபத்திநாலு நிமிசந்தான். கேட்டுட்டுப் போயிடறேன்."

தாவீது எழுந்து மெஷின் பக்கம் போனான். அதில் ஒரு டேப்பு ஏற்கெனவே மாட்டியிருந்தது. அதைத் தொட்டுக்கொண்டு நின்றான். திரும்பாமலே சொன்னான்: "மொத்தமே நாலு டேப்புதான்மா இருக்குது. சீமையிலேர்ந்து வரணும். பார்த்து முடிச்சதும் அதுமேலேயே அடுத்தவங்களைப் பிடிச்சிடுவோம். அவரோடது... அழிஞ்சிருச்சும்மா."

"காயிதத்துல?"

"கோளாறு இருந்தாத்தான் காகிதத்துல எடுப்போம். அவருது நல்லா இருந்திச்சி."

அவள் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவருது எந்த டேப்புல இருந்திச்சி?"

"இதுலதான்னு நெனைக்கிறேன்."

"அப்ப இதைப் போடு."

"இது வேற ஒருத்தரோடதும்மா."

"போடுப்பா."

போட்டான். ராட்டை பாடுகிற அதே ரீங்காரம். யாரென்று தெரியாத ஒருவரின் நெஞ்சு. அதற்கு அடியில் எங்கேயோ துரைக்கண்ணு பாயசம் குடித்துவிட்டுப் படுத்திருந்தார். நடுவில் ஓர் இடத்தில் ரீங்காரம் உடைந்தது. தாவீது மெஷினை நிறுத்திக் குறித்துக்கொள்வதற்குள், "இங்க" என்று அவள் சொல்லிவிட்டாள். அவன் திரும்பிப் பார்த்தான். "ஆமாம்மா" என்றான். "இவருக்கு இன்னிக்கு வைத்தியம் ஆரம்பிச்சிடுவாங்க."

"நல்லா இருக்கட்டும்" என்று எழுந்தாள்.

வாசலில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் காத்திருந்தார்கள். மண்டியில் மூட்டை தூக்குகிறவராம். கழுத்தும் தோளும் காய்த்துப்போயிருந்தன. மாடிப்படி ஏறினதற்கே வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். தாவீது நோட்டைப் பிரித்தான். "செவ்வாய், வியாழன் ரெண்டு நாள் இருக்குது" என்று ஆரம்பித்தான். அதற்குள் அந்தப் பெண்ணே முந்திக்கொண்டு சொன்னாள்: "செவ்வாக்கெழமையே குடு சார். அன்னிக்கு மண்டிக்கு லீவு. நாள் கெடாது."

தாவீது பழக்கத்தில் எழுதியே விட்டான்.

படியில் ஒரு கால் வைத்திருந்த வடிவாம்பாள் திரும்பி வந்தாள். முன்பு வெள்ளைச் சட்டைக்கு முன்னால் எழாத நாக்கு இப்போது எழுந்தது.

"லீவு நாளு வேணாம்மா. மூட்டை தூக்கற நாளா கேளு. பெட்டியை மாட்டிக்கினே தூக்கட்டும். எந்த மூட்டையில மூச்சு முட்டுதுன்னு நீ கூடவே நின்னு எழுதிக்கினு வா."

அந்தப் பெண் புரியாமல் பார்த்தாள். "நாள் போயிடுமே அக்கா... நீங்க யாரு? உங்க வூட்ல யாருக்கு மாட்டியிருக்குது?"

"எங்க வூட்டுக்காரருக்கு மாட்டினோம். அமாவாசைக்கு வாங்கிக்கினு போனோம். தறியில்லாத நாளு. பாயசம் வெச்சுக் குடுத்தேன், தூங்கினாரு. மெஷினு நல்லா இருக்காருன்னு சொல்லிச்சி."

அந்தப் பெண் அவளுடைய வெறும் நெற்றியைப் பார்த்தாள், வெறும் கழுத்தைப் பார்த்தாள். பிறகு புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டு தாவீது பக்கம் திரும்பினாள்.

தாவீது செவ்வாய் என்று எழுதியதை அடித்துவிட்டு வியாழன் என்று எழுதினான்.